சேரம்பூர்: கொடி போனபின் எஞ்சிய ஊர்

கல்கத்தாவிலிருந்து ஊக்ளி நதியின் மேற்குக் கரைவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றருக்குள் சேரம்பூரை அடைவர். இந்நகரின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் என்னும் மூவரையே நகரின் பிதாக்களெனக் கொள்வாரும் உளர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

1755ஆம் ஆண்டில் டேனியர் வங்க நவாப் அலிவர்திகானின் அனுமதி பெற்று ஈண்டுக் குடியேறினர். தம் மன்னன் ஐந்தாம் பிரெடெரிக்கின் பெயரால் இதற்கு ‘பிரெடெரிக்ஸ்நகர்’ எனப் பெயருமிட்டனர். ஆயின் அவர்கள் வெற்றுநிலத்தில் வந்திறங்கினரல்லர். சிறீபூர், அக்னா முதலிய கிராமங்கள் முன்னரே அங்கிருந்தன. நெசவாளர் இருந்தனர், அயலிலுள்ள மகேசின் ஜெகந்நாதர் தேர்விழாவும் நெடுங்காலப் பழமையுடையது. டேனியர் நாடி வந்ததே இந்நெசவாளரின் துணியையன்றோ!

டேனியக் கொடியின் சிறப்பு அதன் வலிமையிலன்று, வலிமையின்மையிலேயே இருந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்ட காலங்களில் நடுநிலைக் கொடியின்கீழ்ச் சரக்கேற்றல் பெருலாபம் தந்தது. கம்பனியின் உத்தியோகத்தர் சிலர் தாம் திரட்டிய செல்வத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதற்கும் டேனியக் கப்பல்களையே நாடினர். கல்கத்தாவிற் கடன்பட்டோர்க்கும் இந்நகர் புகலிடமாயிற்று. 1799இல் மார்ஷ்மனும் வார்டும் இங்கு வந்திறங்கியதும் இக்காரணம் பற்றியே. கம்பனி தன் ஆள்புலத்தில் மிஷனரிமாரை விரும்பவில்லை. டேனிய ஆளுநர் ஒலே பீ அவர்களைக் கைவிட மறுத்தார். எனவே மிஷன் நகரை உருவாக்கிற்று என்பதினும், கடனாளியைக் காத்த அதே நிழல் மிஷனையும் காத்தது என்பதே சாலப் பொருந்தும்.

1800இல் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. அதன் புகழ் கேரியைச் சார்ந்தது. எழுத்தோ பஞ்சானன் கர்மகாரைச் சார்ந்தது. இவர் சார்ள்ஸ் வில்கின்ஸிடம் வங்க எழுத்து வார்க்கும் தொழிலிற் பணியாற்றியவர். கர்மகார் என்பது கொல்லரைக் குறிக்கும் பெயர். இவருக்குப் பின் மருமகன் மனோகர் அப்பணியைத் தொடர்ந்தார். 1812 மார்ச்சில் அச்சுக்கூடம் தீக்கிரையானபோது உருகிய அச்செழுத்துக்களுள் தமிழெழுத்துக்களும் இருந்தன. வார்ப்பதற்குரிய மூலவச்சுக்கள் தப்பியமையால், உருகிய ஈயத்திலிருந்தே மீண்டும் எழுத்து வார்க்கப்பட்டது. அந்நெருக்கடியில் நிறுவனத்தைக் காத்தது பெயரறியாத வார்ப்புத் தொழிலாளரின் கைத்திறனே எனலாம். வங்க இதழியலின் தொடக்கங்களுள் ஒன்றான ‘சமாசார் தர்பண்’ 1818இல் வெளிவந்ததும் அத்திறனாலன்றோ? சேரம்பூர்க் கல்லூரியும் அவ்வாண்டிலேயே தோன்றியது. 1827இல் டேனிய மன்னர் அதற்குப் பட்டமளிக்கும் உரிமை வழங்கினார்.

இதற்குள் வாணிகம் நலிந்துவிட்டது. 1801இலும் பின்னர் 1808 முதல் 1815 வரையும் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியிருந்தனர். நடுநிலை போயிற்று, அதனோடு கப்பல்களும் போயின. 1845இல் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்குத் தரங்கம்பாடியும் சேரம்பூரும் ஒருங்கே விற்கப்பட்டன. தமிழ் அச்சின் முன்னோடி நிலையங்களுள் ஒன்றும் வங்க அச்சின் பெருநிலையமும் ஒரே உடன்படிக்கையிற் கைமாறின. மக்கள் கருத்தை எவரும் கேட்டிலர்.

பின்னர் நகரை உருமாற்றியவை புகைவண்டியும் சணலும். 1854இல் ஹௌரா–ஊக்ளிப் பாதை திறக்கப்பட்டது; மறுவாண்டு அயலிலுள்ள ரிஷ்ராவிற் சணலாலை எழுந்தது. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் ஆற்றங்கரையை நிரப்பினர். டேனியர் காலத்தில் இல்லாத சனநெருக்கம் அப்போதுதான் ஏற்பட்டது. இன்றைய புறநகரின் உண்மைப் பிறப்பு இதுவே என்பது என் துணிபு.

அண்மையில் டென்மார்க்கின் தேசிய நூதனசாலை இந்நகரிற் புனரமைப்புப் பணிகளில் ஈடுபட்டது. புனித ஒலாவ் தேவாலயம் செப்பனிடப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றது. போற்றத்தக்க பணியே. எனினும் புதுக்கப்பட்டவை ஆண்டோரின் சுவர்கள். நெசவாளன் குடிசைக்கும் ஆலைத்தொழிலாளியின் வரிசைவீட்டுக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. மன்னன் தந்த பெயரோ வழக்கிறந்தது. சிறீராமபுரம் என்ற பெயரையே ஊரார் இன்றும் வழங்குகின்றனர்.