களைய வேண்டியது எது? கொங்குக் கிறிஸ்தவமும் பழைய வழக்கங்களும்

கிறிஸ்துவை ஏற்றவர் பழைய வாழ்வைக் கழற்றிவிட்டுப் புதிய வாழ்வை அணிந்துகொள்ள வேண்டும் என்று பவுலடியார் எபேசு, கொலோசை ஊர்ச் சபைகளுக்கு எழுதிய மடல்களில், ஆடையையே உவமையாக்கி அறிவுறுத்தினார். அந்த அறிவுரை கொங்கு நாட்டில் வேரூன்றத் தொடங்கியபோது, எந்தெந்த வழக்கங்கள் கழற்றவேண்டிய பழைய ஆடையைச் சேர்ந்தவை, எவை ஊரார் யாவருக்கும் பொதுவான நடைமுறைகள் என்ற கேள்வியும் உடன் எழுந்தது. இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட, காங்கயம் சாலையிலுள்ள நல்லூருக்கு மேற்கே, அவிநாசியைத் தாண்டிக் கோயம்புத்தூர் செல்லும் வழியில் உள்ள கருமத்தம்பட்டி, 17-ஆம் நூற்றாண்டில் சேசு சபையினர் அமைத்த பழம் பணித்தளங்களுள் ஒன்றாகவும், அந்தக் கேள்வியின் பாரம் முழுவதையும் ஓர் ஆயர் தம் மனச்சான்றில் சுமந்த இடமாகவும் வரலாற்றில் நிற்கிறது.

கேள்வியைத் தொடங்கிவைத்தவர் 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நோபிலி. குடுமி, பூணூல், சந்தனப் பொட்டு, நீராடல் ஆகியவை குலத்தையும் நாகரிகத்தையும் குறிக்கும் அடையாளங்களே என்றும், அவற்றை விட்டால்தான் ஞானஸ்நானம், அதாவது நீரால் திருச்சபைக்குள் சேர்க்கும் திருமுழுக்கு, தரப்படும் என்று கூறுவது தகாது என்றும் அவர் வாதிட்டார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடவழக்கக் கருத்து நீங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதற்கு இசைவளித்தார். அதே ஆண்டில் நோபிலி மதுரையை விட்டுச் சேலம், சேந்தமங்கலம் பகுதிகளுக்குப் பயணமாக, மறை கொங்கு எல்லையைத் தொட்டது. 1640 முதல், பிராமணரல்லாத மக்களிடையே பண்டாரத் துறவிகளின் கோலத்தில் வாழ்ந்து பணியாற்றிய ‘பண்டாரசாமிகள்’ என்னும் குருக்கள் பிரிவும் உருவாயிற்று. இந்த ஏற்பாட்டின் துணிவு வியக்கத்தக்கது. ஆயினும் சாதியை வெறும் சமூக நடைமுறை என்று ஒதுக்கி வைத்தது இதே ஏற்பாடுதான் என்பதையும் மறைக்க முடியாது.

மறுப்பு ஐரோப்பாவிலிருந்தே வந்தது. உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் வெளியிட்ட ஆணை, தமிழ்க் கிறிஸ்தவரின் இல்ல வாழ்வுக்குள் நுழைந்து ஒவ்வொரு சடங்கையும் எடைபோட்டது: பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, 108 இழைகள் கொண்ட மஞ்சள் கயிறு, சகுனம் பார்த்துத் தேங்காய் உடைத்தல், பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடும் சடங்கு, கோயில் திருவிழாக்களில் கிறிஸ்தவ இசைக்கலைஞர்கள் வாசிப்பது ஆகியவற்றை அது தடை செய்தது. ‘மலபார் சடங்குகள்’ என்று பெயர்பெற்ற இந்தச் சர்ச்சை நாற்பது ஆண்டுகள் நீண்டு, 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் பெருமளவு தடைகளை உறுதிசெய்து, ஆணையைக் கடைப்பிடிப்பதாகக் குருக்கள் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என விதித்ததோடு முடிந்தது. தூர்னோனின் ஆணையில் இன்னொரு பிரிவும் இருந்தது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் நோயுற்றால், குரு அவர்கள் வீட்டுக்கே சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. தேங்காயை விடுவது எளிதாயிருந்த இடத்தில் இந்த ஒரு படியைத் தாண்டுவது கடினமாயிருந்தது. அதற்கு மாற்றாக, அம்மக்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாடு 1744-இல் ஏற்கப்பட்டது. பிரிவினை நீங்காமல், அதற்கு ஏற்றபடி பணி பிரிக்கப்பட்டது.

சர்ச்சை நடந்த அதே காலத்தில் உள்ளத்தின் வளர்ச்சியைப் பற்றிய எழுத்தும் தமிழில் வளர்ந்தது. ‘தேம்பாவணி’யின் ஆசிரியராகப் புகழ்பெற்ற வீரமாமுனிவர் 1727-இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’, ஊர்தோறும் சென்று மறையைக் கற்பித்த உபதேசியார்களுக்கான உரைநடை நூலாகும். குரு ஆண்டுக்கு ஓரிரு முறையே வந்து போன சிற்றூர்களில் செபம் சொல்லிக் கொடுப்பதும், சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் துணையிருப்பதும் உபதேசியாரின் பொறுப்பாக இருந்தமையால், போதிப்பவர் தம்மையே முதலில் திருத்திக்கொள்ள வேண்டியவரானார். சடங்குப் பட்டியல்களைக் காட்டிலும் இத்தகைய நூல்களே மறையின் உட்பொருளை மக்களிடம் கொண்டுசேர்த்தன எனலாம்.

சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின் அதன் தமிழகப் பணி பாரிஸ் வேதபோதக சபையின் கைக்கு வந்தது. அச்சபையைச் சேர்ந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் 1842-இல் இந்தியா வந்து, 1846 அக்டோபர் 4 அன்று ஆயராகத் திருப்பொழிவு பெற்று, கோயம்புத்தூர்ப் பகுதித் திருச்சபையின் முதல் தலைவரானார். கருமத்தம்பட்டியே தொடக்கத்தில் அவருடைய இருப்பிடமாயிற்று. உள்நாட்டுக் குருக்கள் உருவாகி, ஐரோப்பியருக்குச் சமமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால், 1744-இன் உறுதிமொழியை எடுத்த தாம், ஆணை விலக்கிய வழக்கங்களும் சாதி வேறுபாடுகளும் மக்களிடையே நீடிப்பதைப் பொறுத்துக்கொண்டால் அது வாக்கு மீறலாகுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. கடுமையாகத் தடுத்தால் மக்கள் விலகுவர், கண்டும் காணாமல் இருந்தால் மனச்சான்று குத்தும் என்ற நிலையில் அவர் உரோமையின் தெளிவான தீர்ப்பை நாடினார். அவர் எதிர்பார்த்த தெளிவு கிட்டவில்லை; அவருடைய பதவி விலகல் 1855-இல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதக சபையை நிறுவிய அவர், 1859-இல் பிரீடவுன் நகரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அவர் தோற்று வெளியேறியதாகச் சொல்வது பொருந்தாது; பிறரிடம் களையச் சொல்வதற்குமுன், தாம் எடுத்த வாக்குக்குத் தம்மையே உட்படுத்திய நேர்மை அவருடையது. அந்த உறுதிமொழி 1940-இல்தான் நீக்கப்பட்டது.

புராட்டஸ்டண்டு சபைகள் வேறு வழியில் சென்றன. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அறவே கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார்; 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் அதே நிலையை உறுதிப்படுத்தியது. தஞ்சையில் கிறிஸ்தவக் கவிஞரான வேதநாயக சாஸ்திரியாரோ, சாதிகளைக் கட்டாயமாகக் கலப்பதையும், திருமணத்திலும் சாவிலும் பூக்களை விலக்குவதையும், தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுப்பதையும் ஒரே கொடுமையின் கூறுகளாக எண்ணி எதிர்த்தார். பூவையும் பாட்டையும் பொறுத்தவரை அவர் பக்கமே நியாயம் இருந்தது. தமிழ்ச் சபைகள் இன்றும் கீர்த்தனை பாடுவது அதற்குச் சான்று. சாதியை அவற்றோடு சேர்த்து எண்ணியதுதான் பிழை.

கொங்கு நாட்டிலோ, பின்னலாடைத் தொழில் 1925 முதல் வளர்ந்த திருப்பூர், தென்மாவட்டங்களிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்களை ஈர்த்தது. பனியன் கம்பெனியில் தையல், கட்டிங், செக்கிங் என்று வேலை பார்ப்பவர்கள் லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருக்கும் நல்லூர் போன்ற பகுதிகளில், ஊர்த் தெருவின் பழைய எல்லைகள் ஓரளவு தளர்ந்தன. சனிக்கிழமை வாரச் சம்பளத்தோடு வரும் குடிப்பழக்கத்தை விட்டவர் என்று ஒருவரைச் சபை மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுகிறது. அது உண்மையான வெற்றிதான், அதனால் ஒரு குடும்பமே தலைநிமிர்கிறது. திருமணத்தில் மட்டும் பழைய கணக்கு தொடர்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் திருமணத்துக்குமுன் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பது, அதாவது மணமக்கள் பெயரை அறிவித்துத் தடை ஏதும் தெரிந்தவர் தெரிவிக்கும்படி கேட்பது, மரபு. திருச்சபைச் சட்டத்தில் சாதி ஒரு தடையே அன்று. ஆனாலும் ஓலை பீடத்துக்கு வருவதற்கு வெகுமுன்பே, பெண் கேட்கும் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் சாதியை விசாரித்து முடித்திருப்பார்கள்.