மாசிப் பௌர்ணமியில் கடற்கரை யாருடையது?

மாசி மகத்தன்று விடியற்காலையில் மாமல்லபுரம் கடலுக்கு இரண்டு வழிபாடுகள் வந்து சேர்கின்றன. தலசயனப் பெருமாள் குடை, மேளம், பட்டாச்சாரியார் சகிதம் தீர்த்தவாரிக்கு வருகிறார். அதே கரையில் இருளர்கள் ஈரமணலைக் குவித்துப் படி கட்டி, பூ வைத்து, கற்பூரம் ஏற்றிக் கன்னியம்மனைக் கூப்பிடுகிறார்கள். முதல் சாமிக்குக் கல் கோபுரம், தலபுராணம், அறநிலையத் துறை எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது சாமியின் கோயில் அடுத்த பெரிய அலையோடு கரைந்துபோகும். பூசை செய்வது குடும்பத்துப் பெரியவர், அல்லது அருள் வந்த ஆணோ பெண்ணோ.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று வடதமிழ்நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான இருளர்கள் பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பே மாமல்லபுரம் வந்துவிடுகிறார்கள். நான்கு கம்பு, ஒரு பழைய சேலை அல்லது தார்ப்பாய் இருந்தால் கூடாரம் தயார். மணலிலேயே அடுப்பு, மணலிலேயே படுக்கை. இரவெல்லாம் பாட்டு, அருள்வாக்கு, சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேச்சு. விடிந்ததும் கடலில் குளித்துவிட்டு மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பு, நிச்சயம், கல்யாணம். கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாள், அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் கதை.

இந்தக் கதையைப் 'பழங்குடி நம்பிக்கை' என்று ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். காட்டிலும் ஏரிக்கரையிலும் வாழ்ந்தவர்களின் தெய்வம் ஏன் வீட்டை விட்டுப் போனாள்? அந்த மக்களையே வீட்டை விட்டுத் துரத்திய வரலாறு ஒன்று இருக்கிறது.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. தேன், கிழங்கு, விறகு, மூலிகை என்று இருளர்கள் எடுத்துவந்தவை காப்புக்காட்டுக்குள் போயின. எடுத்தால் குற்றம் என்றானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். செங்கல்பட்டு இருளர்களை 'வில்லியர்' என்ற பெயரோடு அதில் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்தத் தொகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து எண்களாக அடுக்கிய மனிதர் அவர். எனக்கு அந்தப் புத்தகத்தின் மீது மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

காடு மூடப்பட்டதும் இருளர்கள் ஐந்து வீடு, பத்து வீடு என்று ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் சிதறினார்கள். அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெல்லை எடுப்பது, பாம்பு பிடித்துத் தோல் விற்பது என்று பிழைத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத்தோல் வியாபாரத்துக்கும் தடை விழுந்தது. பாம்புகளைக் காப்பாற்றியது நல்லதுதான். அதை நம்பியிருந்த மனிதர்களுக்கு என்ன வழி என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. 1978-இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மாசி என்ற பெயரைக் கவனித்தீர்களா?

சங்கத்தில் இடம் கிடைத்தது சில நூறு பேருக்கு. மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போனார்கள். முன்பணம் வாங்கினால் குடும்பமே அங்கே அடைபடும். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழப்பதையும் கொத்தடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. சட்டம் வந்து இத்தனை வருடம் கழித்தும் வடமாவட்டங்களில் மீட்கப்படும் கொத்தடிமைகளில் இருளர்கள் திரும்பத் திரும்ப இருக்கிறார்கள்.

இப்போது மாசியைத் திரும்பப் பாருங்கள். பள்ளிப் பாடத்தின் பெரும்பொழுதுக் கணக்கில் அது பின்பனி. இளவேனிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சூளைக்காரர் கணக்கில் மழை விட்டு, மண் காய்ந்து, கல் அறுக்கும் வேலை முழுவேகத்தில் நடக்கும் மாதம். அந்த மாதத்தில் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போவது என்றால், முதலாளியின் முன்னால் நின்று "அம்மனைக் கூப்பிடப் போறோம்" என்று சொல்ல வேண்டும். கேட்பது சம்பள உயர்வு இல்லை, கடன் தள்ளுபடி இல்லை, மூன்று நாள்தான். ஆனால் நடமாடும் உரிமை என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது இதுதானே?

போன இடத்தில் என்ன நடக்கிறது? பத்து வீட்டுக் குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லாரும் பெரும்பாலும் பங்காளிகளாக இருப்பார்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ வெளியில்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கூடுகிற இடம் இந்தக் கரை. எந்தச் சூளையில் அடி, எந்த ஆலையில் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், எந்தக் காவல் நிலையத்தில் பொய் வழக்கு என்ற செய்திகளும் இங்கேதான் கை மாறுகின்றன. இந்தப் பகுதி இருளர்கள் பேசுவது தமிழ்தான். நீலகிரி இருளர்களைப் போலத் தனி மொழி இல்லை. ஆனால் அம்மனை அழைக்கும் பாட்டிலும் அருள்வாக்கிலும் வரும் சொற்களை வேறெங்கும் கேட்க முடியாது. இலக்கியம் என்றால் அச்சடித்த புத்தகம் என்று நினைப்பவர்களுக்கு இது வெறும் சத்தமாகக் கேட்கும்.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. அதுவும் மாசி மாதம்தான். சாதிப் பட்டங்களை விட வேண்டும், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், விதவைகள் மறுமணம் செய்யலாம், ஒத்துவராத திருமணத்திலிருந்து விலகும் உரிமை வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. தமிழகத்தையே அதிரவைத்த தீர்மானங்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். புரோகிதர் இல்லாத கல்யாணம், பெண் வீட்டுக்குப் பரிசம், கைம்பெண்ணின் மறுமணம் எல்லாம் இருளர்களிடம் எந்த மாநாடும் தீர்மானம் போடாமலே வழக்கத்தில் இருந்தன. மேடையில் இருந்தவர்களுக்கு இது தோன்றியிருந்தால் பேச்சு இன்னும் சுவையாக இருந்திருக்கும். அதற்காக எல்லாவற்றையும் புனிதமாக்க வேண்டாம். இளவயதுத் திருமணம் இந்தச் சமூகத்தில் இன்னும் உண்டு; அதைப் பண்பாடு என்று சொல்லி நாம் கண்ணை மூடிக்கொண்டால் பாதிக்கப்படுவது ஒரு சிறுமி.

தலித் வேறு, பழங்குடி வேறு. இருளர் வரலாற்றை நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் படியாள் அடிமை நிலையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நம்மிடம் அறிக்கை இருக்கிறது, அரசாணை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது அந்தக் காகிதங்கள் பேசின. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை பெயர்களை ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று சொல்கிறோம். இருளர்களின் உரிமைக்கு அப்படி எந்தக் காகிதம் இருக்கிறது? பழங்குடிச் சாதிச்சான்றிதழுக்கே வருடக்கணக்கில் அலையவிடுகிறார்கள். 1990-களில் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய பிறகுதான் மனுக்களும் வழக்குகளும் ஆவணமாகச் சேர ஆரம்பித்தன. அதற்கு முந்தைய காலத்துக்குப் பாட்டும் கரையும்தான் சாட்சி.

மாமல்லபுரத்தின் 'பண்பாடு' என்று அரசு காட்டுவது வேறு. 1984-இல் யுனெஸ்கோ பட்டியல், 1992 முதல் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா. 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வந்தபோது ஊரே சில வாரங்களில் பளபளத்தது. தண்ணீரும் வெளிச்சமும் ஏற்பாடு செய்ய நிர்வாகத்துக்குத் தெரியும் என்பது அன்றைக்கு நிரூபணமானது. மாசியில் கூடுகிறவர்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி கேட்டு ஒவ்வொரு முறையும் மனுப் போட வேண்டியிருக்கிறது. கேமராக்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் லென்ஸை நீட்டுகிறார்கள். அந்தப் படம் எங்கே அச்சாகிறது, அதில் யார் பெயர் வருகிறது என்று படத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

அடுத்த மாசிக்கு நீங்கள் போவதாக இருந்தால், கேமராவை எடுக்கும் முன் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டைப் பதிவு செய்தால் அனுமதி கேட்டு, பாடியவர் விரும்பினால் அவர் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர்கள் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டு வாருங்கள். சட்டம் படிக்கிறவர்கள் சாதிச்சான்றிதழ் விண்ணப்பப் படிவங்களைக் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று நாளில் இத்தனை ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் சந்திக்கும் வாய்ப்பு வருடத்தில் வேறு எப்போதும் இல்லை. யாராவது "முதலாளி விடல, அண்ணன் குடும்பம் வரல" என்று சொன்னால், அந்தச் சூளை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.