கோட், கோட், கோட்: ஒரு ஓ-வோட கதை

இந்த எபிசோட் ஒரு சிவப்பு வட்டத்துல ஆரம்பிக்குது.

காலேஜ் முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்க பேட்ச்சுக்கு வாய்ஸ் ட்ரெய்னிங் வெச்சாங்க. ஆளுக்கு ஒரு தாள். அதுல 44 குறியீடு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சாதாரண இங்கிலீஷ் வார்த்தை. 24 மெய், 20 உயிர். ஒவ்வொருத்தரா எழுந்து வாசிக்கணும். நான் 'கோட்'னு வாசிச்சேன், ஆடுன்னு அர்த்தம் வர்ற கோட். ட்ரெய்னர் என் தாளை வாங்கி அந்த வார்த்தையைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு, பக்கத்துல 'எம்.டி.ஐ.'ன்னு எழுதினாங்க. மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ். அதாவது தாய்மொழி வாயில ஒட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். வட்டம் அதிகமா வாங்கினவங்களுக்கு மூணு மாசம் கிளையன்ட் கால் கிடையாது. நானும் அந்த லிஸ்ட்ல இருந்தேன். கோட் எழுத வந்தவன், ஆட்டுல மாட்டிக்கிட்டேன். (நாம எழுதுற கோட், குளிருக்குப் போடுற கோட், ஆடு, மூணுக்கும் இங்கிலீஷ்ல ஒரே உயிர்தான்.)

அந்தத் தாள்ல ஆட்டுக்கு நேரா இருந்தது ரெண்டு குறி ஒட்டின ஒரு குறியீடு. முதல் பாதி, சின்ன 'ஈ' எழுத்தைத் தலைகீழா கவிழ்த்த மாதிரி இருக்கும். இதை யார் கவிழ்த்தது, ஏன் ஆட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தேடிப் பார்த்தேன்.

1886, பாரிஸ். பால் பாஸின்னு ஒரு மொழி ஆசிரியர், கூட இன்னும் சில ஆசிரியர்கள். அவங்க பிரச்சினை ரொம்ப எளிமையானது: எழுத்தை நம்பி இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க முடியல. 'கோ', 'டூ', 'விமன்', 'சன்', அதாவது போ, செய், பெண்கள், மகன். நாலுலயும் முதல் உயிரெழுத்து ஒரே 'ஓ'தான். ஆனா நாலும் வேற வேற சத்தம். காரணம், வில்லியம் காக்ஸ்டன் 1476-ல இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தப்போ இங்கிலீஷோட நெடில்கள் இடம் மாறிக்கிட்டிருந்துச்சு. ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறைஞ்சுபோச்சு, வாய் மட்டும் நிக்கவே இல்ல. அந்த மாற்றத்துக்குப் பேர் வெச்சவர் டென்மார்க்கோட ஓட்டோ யெஸ்பர்சன். எல்லா மொழிக்கும் ஒரே ஒலிக்குறி வரிசை வேணும்னு பாஸிக்கு யோசனை சொன்னவரும் அவரேதான். 1888-ல முதல் பட்டியல் வந்துச்சு: ஒரு குறி, பக்கத்துல தெரிஞ்ச சில வார்த்தைகள். என் கையில இருந்த தாளோட கொள்ளுத்தாத்தா அது.

இப்போ அந்தக் கவிழ்ந்த ஈ. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். புது ஒலிக்குப் புது எழுத்து வேணும்னா புதுசா ஈய அச்சு வார்க்கணும், அதுக்குச் செலவாகும். அச்சகத்துல ஏற்கெனவே இருக்கிற எழுத்தைத் தலைகீழா வெச்சா? செலவே இல்ல! அலெக்சாண்டர் எல்லிஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1860-கள்லயே இந்த வேலையைப் பெரிய அளவுல செஞ்சு பார்த்தார். அவருக்கும் முன்னாடி, 1821-ல, பவேரியா வட்டார வழக்கை எழுத ஷ்மெல்லர் கவிழ்ந்த ஈ-யைப் பயன்படுத்தியிருக்கார். 'கப்'ல வர்ற அ-வுக்குக் கவிழ்ந்த 'வீ'. 'லா'ல, அதான் சட்டம், வர்றதுக்குத் திருப்பி வெச்ச 'சி'. இருக்கிற ஹார்டுவேரை வெச்சே சமாளிக்கிறது நம்ம ஃபீல்டுல மட்டும் இல்லன்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

கவிழ்ந்த ஈ-க்குப் பேர் ஷ்வா. ஹீப்ரு இலக்கணத்துல இருந்து வந்த சொல். 'அபவுட்'டோட முதல் ஒலி, 'டீச்சர்'ல அழுத்தமே இல்லாம தேயிற கடைசி ஒலி. உயிர் குறுகித் தேயிறது நமக்கும் புதுசு இல்ல, குற்றியலுகரத்துக்குத் தொல்காப்பியத்துல தனி இயலே இருக்கு.

ஆனா ஷ்வா ஆட்டுக்குள்ள எப்போ வந்துச்சு? இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டேனியல் ஜோன்ஸ், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், பாஸிகிட்ட படிச்சவர். 1917-ல அவரோட உச்சரிப்பு அகராதி வருது. அதுல 'கோட்'டுக்கு முதல் பாதி சாதாரண ஓ, பின் பாதி உ. ஷ்வா இல்ல. அது யாரோட பேச்சு? அவரே வெளிப்படையா சொல்றார்: உறைவிடப் பள்ளியில படிச்ச தென் இங்கிலாந்து ஆண்களோட குடும்பப் பேச்சு. 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு'ன்னு பேரே வெச்சார். நாட்டுல ஒரு சின்னத் துண்டு.

1962-ல அவருக்கு அடுத்து வந்த ஏ. சி. கிம்சன் தன் புத்தகத்துல குறிகளை மாத்தினார். ஜோன்ஸ், 'ஷிப்'புக்கும் 'ஷீப்'புக்கும் ஒரே குறியைப் போட்டு நீளத்தை மட்டும் புள்ளிகளால காட்டினவர். கிட்டத்தட்ட நம்ம குறில் நெடில் மாதிரி. ரெண்டுக்கும் நாக்கு நிக்கிற இடமே வேற, அதையும் காட்டணும்னு கிம்சன் தனித்தனிக் குறி கொடுத்தார். 'கோட்'டோட தொடக்கம் அந்தத் தலைமுறை வாயில நடுவுக்கு நகர்ந்திருந்துச்சு. அதனால அங்கே ஷ்வாவை உட்கார வெச்சார். 1977-ல ஜோன்ஸோட அகராதியும் அதுக்கு மாறிடுச்சு.

இன்னும் பின்னாடி போனா? 1800 வாக்குல வரைக்கும் லண்டன்ல படிச்சவங்க வாயிலயே இது வளையாத, நிலையான ஓ-தான். எங்க ட்ரெய்னர் வட்டம் போட்ட அதே மாதிரி ஓ. நம்ம ஓ அங்கே இருந்து வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, தமிழ்ல நிலையான ஓ எப்பவும் இருக்கு. ஆனா 'தப்பு'ன்னு சொல்லப்பட்டது, 1960-கள்ல முடிவான ஒரு குறிக்கு எதிராத்தான்.

1982-ல ஜே. சி. வெல்ஸ் செஞ்சது ஒரு ப்ரோகிராமருக்குச் சட்டுனு புரியும். குறியை வெச்சு உயிருக்குப் பேர் சொல்றதை விட்டுட்டு, வார்த்தையையே பேரா வெச்சார். கிட், டிரெஸ், டிராப், ஃபேஸ், கோட்... மொத்தம் 24. எந்த வட்டாரத்துக்காரர் சொன்னாலும் வேற வார்த்தையா காதுல விழாத வார்த்தைகளாப் பார்த்து எடுத்தார். கீ ஒண்ணுதான், வேல்யூ ஊருக்கு ஊர் மாறும். லண்டன்ல ஷ்வாவும் உ-வும், ஸ்காட்லாந்துல நிலையான ஓ. அந்த மூணு தொகுதிப் புத்தகத்துல இந்திய இங்கிலீஷுக்கும் இடம் இருக்கு. எம்.டி.ஐ.ன்னு இல்ல, ஒரு வேல்யூவா.

போன மாசம் கிளாஸ்கோ கிளையன்ட்டோட ஒரு கால். அவங்க ஆர்க்கிடெக்ட் ஸ்க்ரீன் ஷேர் பண்ணிட்டு, "இந்த கோட்..."னு ஆரம்பிச்சார். வளையாத, நேரான, எங்க அம்மா சொல்ற அதே ஓ. மீட்டிங்ல யாரும் வட்டம் போடல. நான் மைக்கை ம்யூட் பண்ணிட்டுச் சிரிச்சேன். அப்புறம் அன்-ம்யூட் பண்ணி, என் ஓ-லயே பதில் சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல 'நர்ஸ்'. அந்த உயிருக்குத் தமிழ்ல எழுத்தே இல்ல, மாட்டிக்கிட்டேன்.