கொள்ளை நோயும் இருதயப் பரிசோதனையும்

நோயின் தன்மையையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்து அறிந்த பின்னரே வைத்தியன் மருந்து செய்யத் தொடங்குதல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இந்நெறி இருதய நோய்க்கு மிகவும் பொருந்துவதாகும். இருதயம் மார்பெலும்புக் கூட்டினுள் மறைந்து கிடப்பது. அதன் கேடு பலரிடத்து முற்றிய பின்னரே வெளிப்படுவது. ஆதலின், அந்நோயை வென்ற வரலாறு பெரிதும் அதனைக் கண்டறிந்த வரலாறேயாகும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொவிட்-19 என்னும் கொள்ளை நோய் அவ்வரலாற்றில் எதிர்பாராத ஓர் இடையீட்டை உண்டாக்கியது. நோயாளர் இருந்தனர்; கருவிகளும் இருந்தன; ஆயினும் பரிசோதனைகள் பெருமளவில் நின்றன. அஃது எவ்வாறு நேர்ந்தது, அவ்விழப்பு எவரை மிகுதியும் தாக்கியது என்பன ஆராயத்தக்கன.

மார்பைத் தட்டி, எழும் ஓசையால் உள்ளுறுப்பின் நிலையை உணரும் முறையை வியன்னா நகர வைத்தியர் அவுன்புறுக்கர் 1761இல் வெளியிட்டார். 1816இல் பாரிசு நகரத்து இலென்னெக்கு என்பார், ஒரு நோயாளியின் மார்பிற் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, கடதாசியைக் குழலாகச் சுருட்டி அதன் வழியாக இருதய ஒலியைக் கேட்டார். இதயத்துடிப்பு மானி பிறந்த கதை இதுவே. நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே அக்குழல் சிறியதொரு தூரத்தை உண்டாக்கியது. எனினும் நோயாளரோடு நெருங்கிப் பழகிய அவ்வைத்தியர் 1826இல் காசநோயால் மாண்டார்.

அத்தூரத்தைப் பன்மடங்காக்கியவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் எயின்தோவன் ஆவார். இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் அவருடைய கருவி 270 கிலோ கிராம் வரை நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டப்பட்டனர். வைத்தியசாலைக்கு அதனைக் கொண்டு செல்லல் இயலாமையால், 1905இல் இலெய்டன் நகர வைத்தியசாலையையும் ஒன்றரைக் கிலோ மீற்றருக்கு அப்பாலிருந்த தமது ஆய்வுகூடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, நோயாளியை நேரிற் காணாமலே இருதய மின்வரைபைப் பெற்றார். 1924ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு உரியதாயிற்று. 1918, 1919ஆம் ஆண்டுகளில் இன்புளுவென்சாக் கொள்ளை நோய் பல கோடி உயிர்களைக் கவர்ந்தபோது இத்தகைய கருவி பெரு நகரங்களின் சில வைத்தியசாலைகளிலேயே இருந்தது. ஆகவே, அக்காலத்தில் நின்றுபோவதற்குரிய இருதயப் பரிசோதனைகள் மிகச் சிலவே.

அடுத்த அரை நூற்றாண்டில் நிலைமை முற்றாக மாறியது. 1929இல் ஜேர்மனிய இளம் வைத்தியர் போர்சுமன் தம் கை நாளத்தின் வழியாகவே மெல்லிய குழாயொன்றை இருதயம் வரை செலுத்திக் காட்டினார். 1953இல் சுவீடன் நாட்டு எட்லரும் ஏற்சும், உலோகத்தின் பழுதறியக் கப்பல் கட்டுந் தளத்திற் பயன்பட்ட கருவியைக் கொண்டு, செவிக்குப் புலப்படாத ஒலியலைகளால் இருதயத்தின் அசைவைப் பதிந்தனர். 1958இல் அமெரிக்காவில் மேசன் சோன்சு, இருதயத் தசைக்கு இரத்தமூட்டும் முடியுரு நாடிகளிற் சாயத்தைச் செலுத்தி எக்சுக் கதிராற் படம்பிடித்தார். நோயாளியை ஓடும் பட்டையில் நடக்கச் செய்து இருதயத்தைச் சோதிக்கும் முறையை உறொபேட்டு புறூசு 1963இல் ஒழுங்குபடுத்தினார். இம்முறைகளால் நோயறிவு நுட்பமடைந்தது. ஆனால், அவையனைத்தும் நோயாளியை ஓர் அறைக்கு வரவழைத்து அருகிருந்து செய்யப்படுவன. இலென்னெக்கும் எயின்தோவனும் உண்டாக்கிய தூரம் மீண்டும் சுருங்கியது.

இதன் விளைவு 2020இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 உலகளாவிய கொள்ளை நோயென அறிவித்தது. அவசரமல்லாத பரிசோதனைகளைப் பிற்போடுமாறு இருதய வைத்தியர் சங்கங்கள் பல கூறின. சர்வதேச அணுசக்தி முகவரகம் 108 நாடுகளிலுள்ள 909 நிலையங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. 2019 மார்ச்சு மாதத்தோடு ஒப்பிடுகையில், இருதயப் பரிசோதனைகள் 2020 மார்ச்சில் நூற்றுக்கு 42 வீதமும், ஏப்பிரிலில் 64 வீதமும் குறைந்தன என்பதை அவ்வாய்வு காட்டிற்று.

எல்லாப் பரிசோதனைகளும் ஒரே அளவிற் குறையவில்லை. மார்பின் மேலிருந்து செய்யும் ஒலியலைப் பரிசோதனை 59 வீதமும், முடியுரு நாடிகளைப் படம்பிடித்தல் 55 வீதமும் குறைந்தன. உணவுக் குழாயினுள் கருவியைச் செலுத்திச் செய்யும் ஒலியலைப் பரிசோதனை 76 வீதமும், உழைப்புச் சோதனை 78 வீதமும் வீழ்ந்தன. முன்னையதில் நோயாளி இருமுவார், பின்னையதில் மூச்சிரைப்பார். மூச்சின் வழியே பரவும் நோய்க்காலத்தில் இவ்விரண்டும் அருகிருப்போருக்கு ஆபத்தானவை. அணுக்கதிர் கொண்டு இருதயத்தைப் படம்பிடிக்கப் பயன்படும் தெக்கினீசியம் ஆறு மணி நேரத்திற் பாதியாகத் தேய்வது. அதன் மூலப்பொருளாகிய மொலித்தனம் ஏறத்தாழ 66 மணி நேரத்திற் பாதியாவது. ஆகாய விமானங்கள் குறைந்தபோது இவற்றின் விநியோகமும் இடர்ப்பட்டது.

பரிசோதனையை வைத்தியசாலை மாத்திரமன்றி நோயாளரும் தவிர்த்தனர். 2020 மார்ச்சு நடுப்பகுதியில் இத்தாலியில் ஒரு வாரத்தில் மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்டோர் தொகை, முந்திய ஆண்டின் அதே வாரத்திலும் 48 வீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்திலும் அம்மாத முடிவில் இத்தகைய அனுமதிகள் ஏறத்தாழ 40 வீதம் குறைந்தன. மாரடைப்புத் திடீரெனப் பாதியாகியது என்று கொள்ள இடமில்லை. ஏனெனில், இத்தாலிய வைத்தியசாலைகளை அடைந்தவருள்ளும், நாடி முற்றாக அடைபட்ட கொடிய வகை மாரடைப்பினால் இறந்தோர் வீதம் 4.1இலிருந்து 13.7 ஆக உயர்ந்தது. நோய் குறையவில்லை; நோயை அறிதலும் உரிய காலத்தில் ஆற்றுதலுமே குறைந்தன.

இவ்விழப்பு யாவர்க்கும் பொதுவாயினும் சமமாக அமையவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்க உண்மை. வருமானங் குறைந்த நாடுகளிற் பரிசோதனைகளின் வீழ்ச்சி மேலும் 22 வீதம் மிகுந்திருந்தது. பாதுகாப்பு உடைகளும் தொலைவிலிருந்து வைத்தியம் செய்யும் வசதிகளும் அந்நாடுகளில் அரிதாயிருந்தன. 2021 ஏப்பிரிலிற் செல்வ நாடுகளின் பரிசோதனைகள் பழைய அளவை எய்தியபோதும், வறிய நாடுகள் மிகப் பின்தங்கியே நின்றன என்பதை அம்முகவரகத்தின் இரண்டாவது ஆய்வு புலப்படுத்தியது.

கொள்ளை நோய்க்காலத்தில் அந்நோயின் பெயரால் எழுதப்படும் மரணங்கள் மட்டுமன்றி, இருதய நோய் முதலிய பிற காரணங்களால் நேரும் மரணங்களும் மிகுகின்றன என்பதை அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர் செல்வின் கொலின்சு 1932இலேயே எடுத்துக் காட்டினார். அவ்வறிவு இருந்தும், பரிசோதனையைக் காக்கும் ஏற்பாடு 2020இற் பல நாடுகளில் இருந்ததில்லை. இடர் வந்த பின்னரே உணவுக் குழாய்ப் பரிசோதனைக்குப் பதிலாகக் கணினிவழி எக்சுக் கதிர்ப் படமும், வீட்டிலிருந்தே அனுப்பும் மின்வரைபும் பெரிதும் நாடப்பட்டன. எயின்தோவன் 1905இற் செய்து காட்டிய வழிக்கு உலகம் ஒரு நூற்றாண்டின் பின் திரும்பியது.

2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19க்கான அவசர நிலையை முடித்து வைத்தது. ஆயினும், 2020இற் பிற்போடப்பட்ட ஒரு சோதனையின் பயன் பல ஆண்டுகள் கழித்தே தோன்றலாம். அது தோன்றும்போது எவரும் அதனைக் கொள்ளை நோயின் கணக்கிற் சேர்ப்பதில்லை. கொள்ளை நோயின் வரலாற்றை எழுதுவோர் இறந்தோரை எண்ணுவதோடு அமையாது, செய்யப்படாத பரிசோதனைகளையும் எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணிக்கையில் வறிய நாடுகளின் பங்கு எத்துணை என்பதை உணர்ந்து, அடுத்த கொள்ளை நோய்க்கு முன்னரே அவற்றிற்குக் கருவியும் காப்பும் வழங்குதல் அறிவுடைய உலகின் கடனாகும்.