இரத்தக்குழாயை வளர்க்கும் புரதம்: ஒரு கண் ஊசியின் வரலாறு

மாத்தளைத் தோட்டங்களின் வைத்திய வரலாறு பெரும்பாலும் இரத்தத்தின் வரலாறுதான். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக நடந்துவந்த நம் முன்னோர்களில் பலரைக் காலராவும் அம்மையும் வழியிலேயே கொண்டுபோயின. பிழைத்து வந்து லயங்களில் குடியேறியவர்களின் இரத்தத்தைக் கொழுக்கிப்புழு குடித்தது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்ற முதல் சட்டம் 1872இல் வந்தது. ரொக்பெல்லர் நிதியம் 1916இல் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மாத்தளைப் பகுதித் தோட்டங்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக வேலை பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் "மேலுக்கு முடியலீங்க" என்று வந்து நின்றால், கண்ணின் கீழிமையை இழுத்து அது வெளுத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மருந்தும் கொடுத்தால் பாதி வருத்தம் தீரும். ஓய்வு பெறும் காலத்துக்குள் நிலைமை மாறிவிட்டது. சீனி வருத்தக்காரர்கள் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்றார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயக் காம்பராக்களில் இன்சுலின் குப்பியை மண்சட்டிக்குள் ஈரம் காத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டேன். சிலர் விரலை இழந்தார்கள், சிலர் காலையே இழந்தார்கள். கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்றவர்களைக் கண்டிக்கு அனுப்பினேன். இப்போது எனக்கும் சீனி. என் கண்ணுக்குள்ளும் ஊசி போடுகிறார்கள்.

"கண்ணுக்குள்ள ஊசி போட்டா பார்வ போயிருமாமே, டாக்டரய்யா?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் பயத்தால் கண் கிளினிக்குக்கே போகாதவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஊசி வந்த வழியைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

1948இல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் வைத்தியர் ஒரு கருத்தைச் சொன்னார். விழித்திரைக்குப் பிராணவாயு போதாமல் போகும்போது அது ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அந்தப் பொருளே புது இரத்தக்குழாய்களை முளைக்க வைக்கிறது என்பது அவர் கணிப்பு. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்கும் வசதி அன்று இல்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றில் ஜூடா போக்மன் என்ற இளம் சத்திரசிகிச்சை நிபுணர் இன்னொரு பக்கத்திலிருந்து இதே கேள்விக்கு வந்தார். உடலிலிருந்து எடுத்துத் தனியே உயிரோடு வைத்த தைரொய்ட் சுரப்பியில் புற்றுநோய்க் கலங்களை வைத்தார். அவை ஓரிரு மில்லிமீற்றர் வளர்ந்து நின்றுவிட்டன. அதே கட்டிகளை எலியின் உடலில் வைத்ததும் பெரிதாக வளர்ந்தன. புது இரத்தக்குழாய் வந்து சேராமல் கட்டி வளராது. அந்தக் குழாயைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்று 1971இல் எழுதினார். பல வருடங்கள் அதை நம்பியவர்கள் குறைவு. அவர் விடவில்லை.

1983இல் பொஸ்டனில் ஹரல்ட் டுவோராக், டொனால்ட் செங்கர் ஆகியோரின் குழு, கினிப்பன்றியின் கட்டியிலிருந்து இரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும் புரதமொன்றைப் பிரித்தது. 1989இல் கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில், சிசிலித் தீவில் பிறந்த நெப்போலியோன் பெராரா, மாட்டின் பிட்யூட்டரிக் கலங்களிலிருந்து இரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதமொன்றைப் பிரித்தார். இரண்டின் மரபணுவையும் வாசித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே புரதம். கசிய வைப்பதும் வளர்ப்பதும் அதுதான். வி.இ.ஜி.எப். என்ற சுருக்கப் பெயரால் உலகம் அதை இன்று அறிகிறது. மைக்கேல்சன் கணித்த பொருளுக்கு நாற்பது வருடங்கள் கழித்து ஓர் உருவம் கிடைத்தது.

மரபணு கையில் வந்ததும் மாட்டுச் சுரப்பியைத் தேடும் வேலை முடிந்தது. மனித மரபணுவைப் பக்டீரியாவுக்குள் அல்லது வெள்ளெலிக் கலத்துக்குள் செலுத்தி, அந்தப் புரதத்தையே வேண்டிய அளவு செய்விக்கலாம். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினுக்குப் பதிலாக மனித இன்சுலினை 1978இல் பக்டீரியாவில் செய்த அதே முறை. 1982இல் அந்த இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. லயத்து மண்சட்டியில் இருக்கும் இன்சுலினும் ஆய்வுகூடத்து வி.இ.ஜி.எப். புரதமும் பிறந்த விதத்தில் உடன்பிறப்புகள்.

ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது அந்தப் புரதத்தின் 165 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவத்தை. வெள்ளைத் தூளாக, மைக்ரோகிராம் கணக்கில், உறைகுளிரில் வைக்கப்படும். பிரசவ அறையில் கழித்துவிடும் தொப்புள்கொடியின் நாளத்திலிருந்து உட்சுவர்க் கலங்களைப் பிரித்து வளர்க்கும் முறையை 1973இல் நியூயோர்க்கில் எரிக் ஜாபேயின் குழு விவரித்தது. அந்தக் கலங்களுக்கு இந்தப் புரதத்தை நனோகிராம் அளவில் விட்டால் அவை பெருகும், நகரும், ஒன்றோடொன்று கோத்து நுண்குழாய்களாக வடிவெடுக்கும். கருக்கொண்ட கோழி முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் சவ்வில் விட்டால் புதுக்குழாய்கள் முளைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மருந்து குழாய் வளர்ச்சியைத் தடுக்குமா என்று அறிய, முதலில் அந்த வளர்ச்சியை உண்டாக்க வேண்டும். அதற்கு இந்தப் புரதம் வேண்டும்.

இதையே மருந்தாகக் கொடுத்து, அடைபட்ட இதயத்துக்கும் காலுக்கும் புதுக்குழாய் வளர்க்கலாம் என்ற நம்பிக்கை 1990களில் பெரிதாக இருந்தது. பொஸ்டனில் ஜெப்ரி ஐஸ்னர் இதன் மரபணுவையே இரத்தம் ஓடாத காலுக்குச் செலுத்திப் பார்த்தார். மனிதப் புரதத்தை 178 இதய நோயாளர்களை வைத்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. 60ஆம் நாளில் புரதம் பெற்றவர்களின் நடக்கும் திறன், வெற்று மருந்து பெற்றவர்களின் திறனைவிட மேலாக இல்லை. காலில் புண்ணோடு வந்து நின்ற என் தோட்டத்து ஆட்களை நினைக்கும்போது இந்த முடிவு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆனால் கண்ணில் கதை மாறியது. சீனி வருத்தம் விழித்திரையின் நுண்குழாய்களை அடைக்கிறது. பட்டினி கிடக்கும் விழித்திரை இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. புதுக்குழாய்கள் முளைக்கின்றன, ஆனால் அவசரத்தில் கட்டிய வயல் வரம்புபோல அவை கசியும், உடையும். உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம். காலுக்குப் போதாத குழாய், கண்ணுக்கு வேண்டாத குழாய்: ஒரே வருத்தம் ஒரே உடம்பில் இரண்டையும் செய்கிறது. சீனி வருத்தத்தால் இப்படிப் புதுக்குழாய் முளைக்கும் கண்களின் நீரில் இந்தப் புரதம் மிகுந்திருப்பதை 1994இல் லொயிட் ஐயெல்லோவின் குழு அளந்து காட்டியது. ஊசி வரும்வரை லேசரே பெரிய நம்பிக்கை. 1976இல் வந்த ஆய்வின்படி கடுமையான பார்வை இழப்பை அது பாதிக்கு மேல் குறைத்தது.

பெராராவின் குழு 1993இல் இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புப் புரதத்தால் எலிகளில் கட்டி வளர்ச்சியை அடக்கியது. அதை மனித உடம்புக்கு ஏற்றபடி மாற்றியதே பெவசிசுமாப். 2004இல் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்ணுக்கென்றே ரனிபிசுமாப் என்ற இன்னொன்றும் தயாராகி வந்தது. அது சந்தைக்கு வருமுன், 2005இல், மயாமியில் பிலிப் ரோசன்பெல்ட் என்ற கண் வைத்தியர் புற்றுநோய் மருந்தின் ஒரு துளியை வயோதிபத்தால் பார்வை குன்றிய கண்ணுக்குள் செலுத்தினார். வீக்கம் வற்றியது. ரனிபிசுமாப் அனுமதி பெற்று 2006இல் வந்தபோது அமெரிக்காவில் ஓர் ஊசிக்கு ஏறத்தாழ 2,000 டொலர். பெவசிசுமாப் துளிக்கு ஏறத்தாழ 50 டொலர்.

இந்த வரலாற்றில் ஏழைகளுக்குத் திருப்புமுனை இதுதான். பெவசிசுமாப்பின் 4 மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் மருந்து. ஒரு கண்ணுக்கு வேண்டியது 1.25 மில்லிகிராம். கிருமி படாமல் பிரித்தால் ஒரு குப்பி பல கண்களுக்குப் போதும். இரண்டு மருந்தையும் ஒப்பிட நிறுவனங்கள் முன்வரவில்லை. அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ஆய்வு, முதுமையால் வரும் விழித்திரை நோயில் பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம் என்று 2011இல் காட்டியது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் பெவசிசுமாப்பைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்தாகப் பட்டியலில் சேர்த்தது. இலவச வைத்தியத்தை நம்பி வாழும் நம்மைப் போன்ற சனங்களுக்குக் கண் ஊசி எட்டியது, மலிவான மருந்தும் போதுமா என்று சில வைத்தியர்கள் கேட்டதால்தான். கண்டுபிடித்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

ஊசியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். முதலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு கிருமிநாசினியால் கழுவுவார்கள். மயிரிழை போன்ற ஊசி, கருவிழிக்குப் பக்கத்து வெள்ளைப் பகுதியில் இறங்கும். ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். சில நாளைக்குக் கண் உறுத்தும். நோவு கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு ஊசியோடு முடிவதில்லை; அடுத்த திகதியைத் தவறவிட்டால் கசிவு திரும்பும். சீனியையும் பிரஷரையும் அடக்காமல் ஊசியை மட்டும் நம்பினால் பலன் நிலைக்காது.

இந்த மருந்து கசிவை நிறுத்தும், வேண்டாத குழாய்களை வற்ற வைக்கும். செத்துப்போன விழித்திரையை உயிர்ப்பிக்காது. அதனால் நேரத்தோடு போவதில்தான் எல்லாம் இருக்கிறது. பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரை கெடத் தொடங்கியிருக்கலாம். சீனி வருத்தம் உள்ள ஒவ்வொருவரும், கண் தெளிவாகத் தெரிந்தாலும், வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்குச் சீனி வருத்தம் முன்பே இருந்தால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். எல்கடுவையிலோ கம்மடுவையிலோ ரத்தோட்டையிலோ இருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டு கண்டிக்குப் போவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போங்கள். வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.