பாதித் தொலைவு, முக்கால் பயணம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடிக்கு, பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் அளந்தால், ஏறத்தாழ 15,300 கி.மீ. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ 7,800 கி.மீ.; அதாவது அதில் பாதி. ஆனால் நியூயார்க் போய்ச் சேர 18 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது என்றால், டோக்கியோவுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. தொலைவு பாதிதான், நேரமோ முக்கால் பங்கை நெருங்குகிறது.

நியூயார்க் பயணம் நீள்வதற்குக் காரணம் பூமியின் அளவுதான். அத்தொலைவைக் கடக்கவே கூடுதல் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானம் உருவானது. அதில் 161 இருக்கைகளே உண்டு, சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. எடையைக் குறைத்தால்தான் அவ்வளவு தூரம் பறக்க முடியும். விமானிகள் பெரும்பாலும் போகும்போது பசிபிக் வழியாகவும் திரும்பும்போது அட்லாண்டிக் வழியாகவும் செல்கிறார்கள். இரு முறையும் கிழக்கு நோக்கிப் பறந்து, மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்றைத் துணைக்குக் கொள்கிறார்கள். வழி சற்று நீண்டாலும் நேரம் மிச்சம். மிக அழகான கணக்கு இது.

ஹெல்சிங்கியின் கதை வேறு. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் குறுகிய வழி ரஷ்யாவின் மேல்தான் செல்கிறது. அதன் வாசலில் இருக்கிறது பின்லாந்து. பனிப்போர்க் காலத்தில் அந்த வாசல் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. ஐரோப்பிய விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ சென்றன. 1983இல் பின்லாந்தின் பின்னேர் நிறுவனத்தின் டிசி-10 விமானம் வட துருவத்தின் மேலாக எங்கும் நிற்காமல் டோக்கியோவை அடைந்தது. பிறகு ரஷ்ய வானம் திறந்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. அந்தக் குறுக்குவழியை நம்பியே பின்னேர் தன் ஆசியச் சேவைகளை வளர்த்தது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் தத்தம் வான்வெளியை ஒன்றுக்கொன்று மூடின. மார்ச் மாதமே பின்னேர் மீண்டும் துருவ வழியை எடுத்தது. வடக்கே சுற்றினாலும், துருக்கி, மத்திய ஆசியா வழியே தெற்கே சுற்றினாலும், பறக்க வேண்டிய தொலைவு வெகுவாக நீள்கிறது. விமானம் புதிது, வேகம் குறையவில்லை. ஆனாலும் பயணி நாற்பது ஆண்டுகள் பின்னே போய்விட்டார்.

இவ்விரண்டில் டோக்கியோ பயணத்தையே நான் நெடியது என்பேன். நியூயார்க்கை அருகே கொண்டுவர எவராலும் ஆகாது. டோக்கியோவை மனிதர்களே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணிக்க வேண்டாம். விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையது, எவ்வழி செல்கிறது என்று பாருங்கள். சீன நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பறப்பதை நிறுத்தவில்லை.