வண்டியூர் மண்ணும் வீட்டு உத்திரமும்



வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் பார்க்காதவர் நம்ம பக்கத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் 1645-ல் தெப்பக்குளமாயிற்று என்று வழிவழியாகச் சொல்வார்கள். மகால் எழுந்தது 1636-ல். அங்கே சொர்க்க விலாசத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். அவ்வளவு பெரிய குவிமாடத்தைத் தாங்க ஓர் உத்திரம்கூடக் கிடையாது. எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

ராஜா வீட்டுக்கு அது சரி. குடியானவன் வீட்டில் அறை எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானித்தது மரம்தான். பழைய வீடுகள் குறுகலாக இருப்பதைப் பார்த்து, 'அந்தக் காலத்து ஆளுக்கு விசாலமான மனசு இல்லை' என்று நினைத்துவிடாதீர்கள். கிடைத்த மரத்தின் நீளத்துக்கும் பலத்துக்கும் தக்கபடி சுவரைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் சமவெளியில் கைக்கெட்டிய மரம் பனை. அதை மரம் என்று சொல்லலாமா என்பதே ஒரு கேள்வி! வெளியே வைரம் பாய்ந்திருந்தால் புல், உள்ளே வைரம் பாய்ந்திருந்தால் மரம் என்று தொல்காப்பியம் மரபியலில் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல் இனம். இது வெறும் புலவர் பேச்சு இல்லை. ஆசாரிக்கு வேண்டிய சங்கதி. தேக்கை அறுத்தால் வெளியே உள்ள வெள்ளையைத் தள்ளிவிட்டு உள்வைரத்தை எடுக்கணும். பனையிலோ நடுவில் சோறு மாதிரி இருப்பதைச் செதுக்கித் தள்ளிவிட்டு வெளிப்பட்டையை ஒட்டிய கறுத்த பாகத்தை எடுக்கணும். பனங்கை நாலு அங்குலம் இருக்கிறது என்று அளவை மட்டும் பார்த்து வாங்கினால், அதில் பாதி சோறாக இருக்கலாம்.

1852-ல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு பர்மாத் தேக்கு இங்கே தாராளமாக வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் அதன் அழகைப் பார்க்கலாம். வசதியுள்ளவர்கள் மச்சு வீடு கட்டினார்கள். உத்திரத்தின் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம், அதன் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரை. பாரம் அதிகம். அதனால்தான் அந்தச் சட்டங்களைப் படுக்கப் போடாமல் உயரவாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏன் அப்படி? மகால் எழுந்து இரண்டே வருஷத்தில், 1638-ல், இத்தாலிக்காரர் கலிலியோ இதற்கு ஒரு கணக்கு எழுதி அச்சிட்டார். நாலுக்கு ஆறு சட்டத்தை ஆறு அங்குலம் உயரமாக நிறுத்தினால், படுக்கப் போட்டதைவிட ஒன்றரை மடங்கு தாங்கும். மரமும் அதேதான், காசும் அதேதான்.

இன்னும் கேளுங்கள். மரக்கடையில் விலை கன அடிக்கு. பன்னிரண்டு அடி நீளத்தில் அஞ்சுக்கு அஞ்சு சட்டம் இரண்டு கன அடிக்குச் சற்று மேலே வரும். மூணுக்கு எட்டு சரியாக இரண்டு கன அடி. பலத்துக்கு, உயரத்தை உயரத்தால் பெருக்கி அகலத்தாலும் பெருக்குங்கள். முதலாவது 125, இரண்டாவது 192. காசு குறைவு, பலம் ஒன்றரை மடங்கு! ஆனால் ஒல்லிச் சட்டம் பக்கவாட்டில் சாயும். இரண்டு முனையையும் சுவரில் இறுக்கிக் கட்டணும்.

அறையை அகலப்படுத்தும்போதுதான் ஆபத்து. எட்டு அடியில் நின்ற சட்டத்தைப் பதினாறு அடிக்கு நீட்டினால், நடுவில் வைக்கும் பாரத்தில் பாதியைத்தான் தாங்கும். அதே பாரத்தை வைத்தால் தொய்வு எட்டு மடங்கு. ஓடு போட்ட முதல் மழையிலேயே நடுவில் பள்ளம் விழும். தண்ணீர் உள்ளே இறங்கும்.

பனை வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆகையால் பலரும் இடித்த வீட்டு மரத்தைத் தேடிப் போகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நடுப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றாதீர்கள். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனைகளையும் உளியால் குத்திப் பாருங்கள். ஈரமும் கரையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். உளி பொசுக்கென்று இறங்கினால், அந்த அளவுக்கு அறுத்துத் தள்ளிவிட்டு மிச்ச நீளத்துக்கே விலை பேசுங்கள்.